உள்ளே போனால் ஆரம்பிக்கணும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன், பாதியில் பேர் மறந்துவிடும். மனுசர்களிடம் நாலு வார்த்தை பேசவே கூச்சப்படுகிறவள் பத்திரிகைக்கு எழுதலாமா என்று நீங்கள் நினைக்கலாம். பேசுவதைவிட எழுதுவது எனக்கு லேசாக இருக்கிறது. எதிரே யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. இப்போது இருப்பது ஓசூர். இதுவும் தமிழ்நாடுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் தெருக்குழாயில் நாலு பேர் நின்றால் மூன்று பாஷை கேட்கும். மார்கழி வந்தால் பகலிலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். இதெல்லாம் வந்த புதிதில் விசித்திரமாக இருந்து பிறகு பழகிப்போனது. பழகாமல் ரொம்ப நாள் என்னைப் படுத்தியது ஒன்றே ஒன்றுதான். அது சாயங்காலம்.

சொன்னால் சிரிப்பீர்கள். ஊரில் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்ததில்லை. தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிற வேலை. அட்டையும் பசையும் வீட்டுக்கே வந்துவிடும். உலை கொதிக்கும்போது ஒட்டுவேன், குழம்பைக் கிண்டிவிட்டு வந்து ஒட்டுவேன், வந்தவர்களிடம் பேசிக்கொண்டே ஒட்டுவேன். வாசலில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரிகளும் அவரவர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பசை காய்ந்து விரலெல்லாம் தோல் உரியும், முதுகு விட்டுப்போகும். அதை ஒன்றும் நான் ஏங்கிச் சொல்லவில்லை. அந்த வேலைக்கு முடிவே கிடையாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். முடிவு இல்லாததால் ஆரம்பமும் இல்லை. கண் முழித்தால் கை ஓட ஆரம்பிக்கும், கண் மூடினால் நிற்கும்.

வீட்டுக்காரர் காலமான பிறகு மகன் முனீஸ்வரன் என்னை இங்கே கூட்டிவந்தான். அவனுக்குச் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. மருமகள் மாரீஸ்வரியும் கம்பெனிக்குப் போகிறாள், செல்போனுக்குள் வைக்கிற பொடிப் பொடிச் சாமான்கள் செய்கிற இடம். ஒரு வாரம் அதிகாலை ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு என்று மாறி மாறி வரும். ரெண்டு பேரும் போனபிறகு நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், நானும் தெருப் பெண்களோடு வேனில் ஏறி ஒரு ரோஜாப் பண்ணைக்குப் போக ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகை, பாலிஹவுஸ் என்கிறார்கள். பூவை வேறு ஆட்கள் வெட்டிக் கொண்டுவருவார்கள். நாங்கள் நின்றபடியே அடி இலையை உருவி, முள்ளைத் தட்டி, காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, அட்டையில் சுற்றிக் கட்டுவோம். அத்தனை ரோஜா இருந்தும் வாசம் கிடையாது. மூக்கில் ஏறுவதெல்லாம் மருந்து நெடிதான். சாயங்காலம் சங்கு ஊதும். ஊதியவுடன் கையில் இருக்கிற பூவை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். முதல் நாள் நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன். சூப்பர்வைசர் பொண்ணு வந்து, "பாட்டிம்மா, முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போங்க," என்றது. அன்றுவரை என்னிடம் யாரும் வேலை முடிந்துவிட்டது என்று சொன்னதே இல்லை.

முடிந்தது என்று ஒன்று வந்த பிறகுதான் ஆரம்பிக்கிற கஷ்டம் என்றால் என்ன என்று தெரிந்தது. வேன் தெருமுனையில் இறக்கிவிடும். நாங்கள் இருப்பது லைன் வீடு, கீழே வரிசையாகக் குடித்தனங்கள், மாடியில் வீட்டுக்காரம்மா. எங்கள் கதவை ஒட்டி மாடிக்குப் போகிற படிக்கட்டு. நான் நேரே வந்து அந்தப் படியில் உட்கார்ந்துவிடுவேன். பண்ணையில் கொடுத்த மேல்கோட்டைக்கூடக் கழற்ற மாட்டேன், பை மடியில் இருக்கும். மருந்து நெடியோடு வீட்டுக்குள் அப்படியே போக எனக்கு மனசு வராது. உள்ளே கால் வைத்தால் முதலில் குளிக்க வேண்டும், குளித்தால் விளக்கேற்ற வேண்டும், விளக்கேற்றினால் அரிசி போட வேண்டும், பிறகு காலையில் போட்ட பாத்திரம், காயப்போட்ட துணி. வாசலைத் தாண்டினால் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வந்துவிடும். தாண்டாதவரை ஒன்றும் ஆரம்பமாகவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்பதுபோல ஒரு எண்ணம்.

கொஞ்ச நேரம் என்று உட்காருவேன், தெருவிளக்கு எரிந்துவிடும். உடம்பு வலி என்றால் வலியும் இல்லை. பண்ணையில் ஓடிய கைதானே இது, இங்கே வந்ததும் ஏன் கல்லாகிவிடுகிறது என்று எனக்கே பயம் வந்தது. பொழுதுபோகட்டும் என்று மாரீஸ்வரி கூடை பின்னுகிற வயர் வாங்கித் தந்திருந்தாள், பச்சையும் மஞ்சளும். சிவன் கண் முடிச்சில் ஒரு கூடை ஆரம்பித்து, அடி மட்டும் போட்டு, அதோடு பரண்மேல் ஏறிவிட்டது. பின்னுவது எனக்கு ஆசையான காரியம். ஆசைப்பட்டதைக்கூட எடுத்து ஆரம்பிக்க முடியவில்லை என்றால் இது வேறு ஏதோ சீக்கு என்றே நினைத்தேன். மாரீஸ்வரி தன் போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், "யத்தே, அஞ்சே நிமிசம் செய்வோம்னு நினைச்சு ஆரம்பிக்கணுமாம். அப்புறம் தானா ஓடுமாம்." அந்த அஞ்சு நிமிசத்துக்கும் எழுந்திருக்க வேண்டுமே தாயி, அதற்கு என்ன சொல்லியிருக்கிறது உன் போனில் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போய்த் தானே பாத்திரத்தைக் கழுவினாள். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. விடியுமுன்னே எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளை.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரம்மா வருகிறார். பேர் கௌரம்மா. என்னைவிடக் கொஞ்சம் இளையவராக இருக்கலாம், ஆனால் வீட்டுக்காரம்மா என்பதால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் கன்னடம், காய்காரியிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். எந்த பாஷையில் பேசினாலும் சத்தம் ஒன்றுதான், தெருக்கோடி வரை கேட்கும். ஒரு நாள் படியில் இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா, இருட்டுல குந்திக்கினு இருக்கே? கதவு தெறக்கலியா?"

"இல்லைக்கா. மருமக உள்ளே தூங்குது."

அது நிஜம்தான். அவளுக்கு அந்த வாரம் அதிகாலை ஷிப்டு. மத்தியானத்துக்கு மேல் வந்து படுத்தவள் எழுந்திருக்க நேரமாகும். நான் அவளைச் சொன்னது ஒரு சாக்குக்காக. என்னைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"மருமக உள்ள தூக்கம், மாமியா வெளிய காவலா? நல்லா இருக்குது!" என்றார் கௌரம்மா. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாவிட்டால் சிரிப்பேன். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். அன்றும் சிரித்தேன். என் சிரிப்பை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் இறங்கி வரும்போது கையில் தட்டு. "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்கிறார் என்று அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். வேலைவிட்டு வந்த கையோடு யார் சாப்பிட்டிருப்பார்கள்? தட்டில் ராகிக் களியும் கீரைச் சாறும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கிறாரே, சீக்கிரம் தட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிடுவோம் என்று அவசர அவசரமாக விழுங்கினேன். களியை மெல்லாமல் விழுங்குவதுதான் முறை என்று வேறு சொல்லியிருந்தார்கள். "அய்யோ பாவமே," என்றார் கௌரம்மா. தினமும் பட்டினி கிடக்கிற கிழவி அகப்பட்டதைத் தின்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் கூச்சத்தில் தின்றேன்.

அந்த வாரக் கடைசியில் எனக்குப் பண்ணை லீவு. மாரீஸ்வரி கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது முகம் சரியில்லை. பையை வைத்தாள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"யத்தே, நான் எப்ப உங்களை வெளிய வச்சுக் கதவடைச்சேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து லைன் பெண் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டிருக்கிறாள், "உங்க அத்தைக்கு ஒரு சாவி அடிச்சுக் குடுத்தா என்ன கொறைஞ்சா போயிருவே?" என்று. கௌரம்மா வாயிலிருந்து கிளம்பி, தெருமுழுக்க அதுதான் பேச்சாம். சோறு போடுவதில்லையாம், வேலைக்கு விரட்டுகிறாளாம், வந்தபிறகு வாசலில் உட்கார வைக்கிறாளாம். மாரீஸ்வரிக்குக் கண் கலங்கியது. "வந்த மொத வாரமே உங்களுக்குன்னு சாவி அடிச்சுக் குடுத்தவ நான். எனக்கா இந்தப் பேரு?"

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முனீசு வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். ஏற்கெனவே டாக்டரிடம் காட்டியிருந்தான், ரத்தமெல்லாம் பார்த்து ஒன்றும் கோளாறு இல்லை, சத்து மாத்திரை போதும் என்றுவிட்டார்கள். "யம்மா, இது சரிப்பட்டு வராது. பண்ணைக்குப் போனது போதும். சாத்தூர்ல சித்தி வீட்டுல போயி இரு. தெருவுல நாலு பேரு இவளைப் பேசறதை நான் கேட்டுட்டு இருக்க முடியாது." கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னான். அது கோபத்தைவிட உறைத்தது. என்னால் எழுந்து உள்ளே போக முடியவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் பேர் கெடுகிறது. நாளையிலிருந்து வேனை விட்டு இறங்கியதும் நேரே உள்ளே போய்விட வேண்டும் என்று வைராக்கியமாகத்தான் படுத்தேன். மறுநாளும் படி வந்ததும் கால் மடங்கிவிட்டது.

மார்கழி பிறந்திருந்தது. இந்தப் பக்கம் மார்கழி, தை என்றால் அவரைக்காய்தான், சந்தையெல்லாம் மலைமலையாகக் குவிந்துகிடக்கும். கொட்டையை உரித்து, தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை எடுத்துக் குழம்பு வைப்பார்கள். பிதுக்குப் பருப்பு என்று பேர். தின்பது ஒரு நொடி, பிதுக்குவது ஒரு பொழுது. அன்று சாயங்காலம் கௌரம்மா ஒரு அகலமான குண்டான் நிறைய ஊறின கொட்டையும் ஒரு முறமும் கொண்டுவந்து எனக்கு அடுத்த படியில் வைத்தார். என்னிடம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார், வந்த கைக்கு வேலை வேண்டுமே. உட்காரப் போகும்போதே மேலே குக்கர் கூவியது. "பாத்துக்கோம்மா, வந்துட்டேன்," என்று ஓடினார்.

பாத்துக்கோ என்றுதான் சொன்னார், செய் என்று சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்போது கை குண்டானுக்குள் போனது என்று தெரியாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது, தோல் விரலில் தங்குகிறது. ஒன்று போட்டேன், அடுத்தது தானாக வந்தது. முதலில் ரெண்டு மூன்று தெருவுக்குப் பறந்தன, பிறகு கை பிடித்துக்கொண்டது. கௌரம்மா திரும்பி வந்தபோது முறத்தில் நல்ல குவியல்.

அவர் அதைப் பார்த்தார், கலங்கிவிட்டார். "வெளிய நிக்க வச்சும் உன் கை சும்மா இல்ல பாரு," என்று ஆரம்பித்தார். "நான் முடிவு பண்ணிட்டேம்மா. இன்னிக்கி உன் பையன் வரட்டும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடறேன். பெத்தவளத் தெருவுல குந்த வைக்கறவங்களுக்கு என் வீடு கெடையாது."

என் ஆயுசில் நான் யாரையும் குறுக்கே மறித்துப் பேசியதில்லை. அன்று பேசினேன். கை பிதுக்கிக்கொண்டே இருந்ததால்தான் வாயும் வந்தது என்று நினைக்கிறேன், அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, என் மருமக கதவடைக்கல. நான்தான் உள்ள போகல."

"ஏன்? திட்றாளா?"

"இல்லக்கா. இந்தா பாருங்க சாவி. அவதான் அடிச்சுக் குடுத்தா." இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"சாவி வச்சுக்கினு ஏம்மா வெளிய குந்தறே?"

"உள்ள போனா ஆரம்பிக்கணும்க்கா."

கௌரம்மா என்னையே பார்த்தார். நான் பருப்பைப் பார்த்தேன். திடீரென்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் தெனமும் பொழுது சாஞ்சா தண்ணி டேங்க் பாக்கறேன்னு மொட்டை மாடிக்குப் போறேனில்ல? டேங்க்ல பாக்க என்னம்மா இருக்குது! கீழ எறங்குனா அடுப்பப் பத்த வைக்கணும். அதான் அங்கயே நிக்கறேன். எங்க வீட்டுக்காரரு, 'டேங்க்ல மீனு வளக்கறயா'ன்னு கேக்கறாரு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். சீக்கும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, வீட்டுக்காரம்மாவே டேங்குக்குப் பக்கத்தில் நிற்கிறார். நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. மாரீஸ்வரி தூக்கக் கலக்கத்தோடு தலைவிரிகோலமாக நின்றாள். அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கௌரம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. "வா, குந்து. உங்க அத்தைக்குப் பேச வருது, எனக்கு இன்னிக்கித்தான் தெரியும்," என்று நகர்ந்து இடம் விட்டார். பிறகு தெருப் பக்கம் திரும்பிப் பக்கத்து லைன் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தெலுங்கில் பாதி கன்னடத்தில் பாதி என்னவோ கத்தினார். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் நடுவில் என் கையைப் பிடித்துச் சாவியோடு உயர்த்திக் காட்டினார். அந்தப் பெண் வாயில் கைவைத்துக்கொண்டாள். மாரீஸ்வரி குனிந்து குண்டானிலிருந்து ஒரு பிடி கொட்டையை எடுத்துக்கொண்டாள்.

அன்று நான் உள்ளே போனது எனக்கு ஞாபகமே இல்லை. பிதுக்கி முடித்துக் கையைக் கழுவப் போனவள் அப்படியே குளித்து, விளக்கேற்றி, உலை வைத்திருக்கிறேன். கை ஓடிக்கொண்டிருந்ததால் வாசல் தாண்டியது தெரியவில்லை. மாடியிலிருந்து குழம்பு வந்தது. மாரீஸ்வரி தின்றுவிட்டு, "குழம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா பேசினது பேசினதுதான்," என்றாள். ரெண்டு மூன்று நாள் கௌரம்மாவிடம் முகம் கொடுக்கவில்லை. அதுவும் நியாயம்தான். முனீசு மட்டும் விசயம் கேட்டு, "இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். சாத்தூருக்குப் போ என்று அதற்கப்புறம் சொல்லவில்லை.

அதிலிருந்து சாயங்காலமானால் கௌரம்மா டேங்குக்குப் போவதில்லை, படிக்கு வருகிறார். கையில் ஏதாவது பாதி வேலை இருக்கும், பூண்டோ கீரையோ. அவர் வேலையை நான் எடுத்துக்கொள்வேன். என் வயர் கூடையைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி அவர் எடுத்துக்கொண்டார். அவருக்கு முடிச்சுப் போடத் தெரியாது. தப்புத் தப்பாகப் போட்டு, "சரியா?" என்பார். அந்தக் கோணல் முடிச்சைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வராது. பிரித்துச் சரியாகப் போட உட்கார்ந்து, அதோடு இன்னும் நாலு வரிசை ஏறிவிடும். அப்படித்தான் கூடை முடிந்தது. அடுத்தவர் வேலையில் கைவைக்க யாருக்கும் அலுப்பில்லை போலிருக்கிறது. ஊரில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், அது அலுப்புக்கு மருந்து என்று அப்போது தெரியாது. ஊரை விட்டு வந்து வயசானவர்களைக் கூட வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே பதறாதீர்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரு குண்டானைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். எல்லா நாளும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். இன்றும் சில நாள் சும்மாதான் உட்காருகிறேன். இப்போது அதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பொங்கலுக்கு லீவு விட்டபோது சாத்தூருக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுபோனேன், அங்கே அதைக் கொட்டையோடு பொரியலாக்கிவிட்டார்கள். நான் அடுப்படிக்குப் போனால், "நீ ஏன்க்கா, உக்காரு," என்று தங்கை ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துப்போட்டாள். துணி மடிக்கப் போனால் அங்கேயும் சேர் வந்தது. விருந்தாளிக்குப் போடுகிற சேர். வாசலில் அதில் உட்கார்ந்திருந்தேன், தெரிந்தவர்கள் போகும்போது, "எப்ப வந்தீக, எப்பப் போறீக?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்போது மாரீஸ்வரி போன் பண்ணினாள். பின்னால் கௌரம்மா சத்தம் கேட்டது, இவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். "யத்தே, நம்ம லைன்ல புதுசா குடி வந்தவங்க உங்க படியில உக்காரப் போனாங்க. இந்தம்மா விடமாட்டேங்கறாங்க. நீங்க வர்ற வரைக்கும் ஆளு இருக்குன்னு சொல்லி முறத்தைக் கவுத்து வச்சிருக்காங்க." நான் பிறந்த ஊரில் சேரில் உட்கார்ந்து, வாடகை வீட்டுப் படிக்கட்டில் கவிழ்ந்துகிடக்கிற முறத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான். இதைப் போடுவதாக இருந்தால் படித்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபாருங்கள். கௌரம்மா பேசின கன்னடத்தை நான் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், தப்பாக இருக்கும். அவரைக்காய் மார்கழியிலா அதற்கு முன்னேயே வந்துவிடுமா என்பதும் எனக்கு நிச்சயமில்லை, தெரிந்தவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மற்றது முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. என் மருமகள் ஒரு நாளும் எனக்குக் கதவடைக்கவில்லை என்பது மட்டும் படிக்கிறவர்களுக்குத் தெளிவாக விளங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.